அப்பாவோடு ஆற்றில் போன கவர்

அப்பா செத்த அன்று நான் அழவில்லை என்று சொந்தக்காரர்கள் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உண்மைதான். அன்று மத்தியானம் என் இரண்டு கைகளும் சாக்கடைக்குள் இருந்தன.

ராசிபுரத்திலிருந்து வெண்ணந்தூர் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அப்பாவின் வீடு. அவர் வீட்டை ஒட்டிய பட்டறையில், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். சுற்றுவட்டாரத்தில் யார் தோட்டத்தில் மோட்டார் புகைந்து நின்றாலும் வண்டியில் போட்டு அவரிடம்தான் கொண்டுவருவார்கள். அதனால் சாவுக்கு நல்ல கூட்டம். நாமக்கல்லில் கோழி மருந்துக் கடை ஒன்றில் பில் போடுகிற நான், தம்பியின் போன் வந்ததும் பாதி பில்லை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவை ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வாசலில் சாமியானா கட்டியாகிவிட்டது.

துக்கம் கேட்க வருகிறவர்களுக்குத் தம்பி டீக்குச் சொல்லியிருந்தான். கேனில் டீ வந்தது, கூடவே பேப்பர் கப் கட்டுக் கட்டாக வந்தது. பேப்பர் என்றுதான் பெயர். உள்ளே பளபளவென்று பிளாஸ்டிக் பூசியிருக்கும், இல்லாவிட்டால் டீ நிற்காது. தண்ணீர் பாக்கெட் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. வந்தவர்கள் கேரி பேக்கிலிருந்து மாலையை உருவி அப்பா மேல் வைத்தார்கள். கேரி பேக்கைப் பெட்டிக்கு அடியிலேயே விட்டுவிட்டு வெளியே போய் டீ குடித்தார்கள். குடித்துவிட்டு கப்பை நசுக்கி, பேச்சை நிறுத்தாமலே, பக்கத்தில் ஓடுகிற சாக்கடையில் போட்டார்கள். ஒருவர்கூட அது எங்கே விழுகிறது என்று பார்க்கவில்லை. கை தானாகப் போய்த் தானாகத் திரும்பியது.

மத்தியானம் மழை பிடித்தது. ஐப்பசி மழை, சடசடவென்று ஒரே கொட்டாகக் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் சாக்கடை பொங்கி வாசலுக்கு வந்தது. சாமியானாவுக்குள் உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுச் சேலையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். கறுப்புத் தண்ணீர் ஐஸ் பெட்டியின் காலைத் தொட்டு, பெட்டிக்குப் போகிற கரண்ட் வயரையும் தொட்டது. யாரோ கத்த, தம்பி ஓடிப் போய் மெயினை அணைத்தான். அப்பாவைப் பெட்டியோடு தூக்கி உள்ளே கொண்டு போனார்கள். முன்னறைக்குள் பெட்டி முழுதாக நுழையவில்லை. தலைப்பக்கம் உள்ளேயும் கால்பக்கம் மழையிலுமாகக் கொஞ்ச நேரம் அவர் அப்படியே கிடந்தார்.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது எனக்கு வந்தது துக்கம் இல்லை, கோபம். இன்றைக்கும் அதைத் துக்கம் என்று மாற்றிச் சொல்ல நான் தயாராக இல்லை.

வாசலுக்கு வருகிற இடத்தில் சாக்கடைக்கு மேல் ஒரு கல் போட்டிருக்கும். அந்தக் கல்லுக்கு அடியில் அடைத்திருக்கிறது என்று தெரிந்தது. குனிந்து கையை விட்டேன். முதலில் கப்புகள் வந்தன. நசுங்கிய மடிப்புக்குள் டீ இன்னும் மிச்சமிருந்த கப்பு ஒன்றுகூட வந்தது. அப்புறம் தண்ணீர் பாக்கெட், மாலை வந்த கேரி பேக், எந்த வீட்டிலிருந்தோ வந்த குழந்தை டயப்பர், ஷாம்பூ பொட்டலம், பால் கவர். எடுத்து எடுத்து வெளியே போட்டேன். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். பார்த்தால் தம்பி பெண்டாட்டி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் கையை விட்டாள்.

பெரியப்பா குடையோடு வந்து தலைக்கு மேல் நின்றார். அப்பாவுக்கு மூத்தவர். வீட்டு நல்லது கெட்டதெல்லாம் அவர் சொல்படிதான் நடக்கும்.

“ஏம்புள்ள, பொணத்த ஊட்ல வெச்சுக்கிட்டு இங்க என்ன பண்றே? ஆளக் கூப்புட்டா வந்து எடுத்துட்டுப் போறான்.”

“எந்த ஆளுங்க பெரியப்பா? நாம குடிச்சுப் போட்டதுக்கு இன்னொருத்தன் வந்து இதுக்குள்ள கைய உடணுங்களா?”

“அதுக்குன்னு சாவூட்ல பொம்பளைங்க பண்ற வேலையா இது? நாலு பேரு பாக்கறாங்கல்ல.”

“பாக்கட்டுங்க. போட்டதே அந்த நாலு பேருதானுங்க.”

அவர் முகம் சுருங்கியது. குடையோடு திரும்பிப் போய்விட்டார். கடைசியில் அடைப்பு விட்டு, தண்ணீர் கடகடவென்று இறங்கியது. கையைச் சோப்புப் போட்டு எத்தனை கழுவியும் நாற்றம் போகவில்லை. அந்தக் கையால்தான் அப்பாவின் வாயில் அரிசி போட்டேன்.

மூன்றாம் நாள் சாம்பல் கரைக்கப் பரமத்தி வேலூருக்குப் போனோம். காவிரியில் தண்ணீர் நன்றாகவே ஓடியது. கரையில் இருக்கிற கடையில் காரியச் சாமான் முழுக்க ஒரே கவரில் போட்டுத் தருகிறார்கள். மஞ்சள், குங்குமம், எள், சூடம், பன்னீர் பாட்டில், பால் பாக்கெட், துண்டு என்று எல்லாமே தனித்தனிக் கவரில், அவ்வளவையும் போட்ட பெரிய கவர் ஒன்று. தம்பி அதைக் கையில் மாட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். நாங்கள் படியில் நின்றோம். படியில் நிற்பதே கஷ்டமாக இருந்தது. எந்தெந்த வீட்டுச் சாவுக்கோ விட்ட வேட்டியும் சேலையும் தண்ணீருக்குள் ஊறிக் காலைச் சுற்றின. அவற்றோடு கவர்களும்.

காரியம் செய்து வைக்கிறவர் கரையிலிருந்து சொல்லச் சொல்லத் தம்பி செய்தான். பால் பாக்கெட்டின் முனையைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, பாலை ஊற்றி, கவரை ஆற்றில் போட்டான். பன்னீர் பாட்டில் போனது. குங்குமப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை.

“இப்ப எல்லாத்தையும் மொத்தமா உட்ருங்க. முங்கி எந்திரிச்சுத் திரும்பிப் பாக்காம வாங்க,” என்றார் அவர்.

தம்பி சாம்பல் பானையையும் கவரையும் சேர்த்து விட்டான். பானை முழுகியது. கவர் முழுகவில்லை. காற்றடைத்து உப்பி, கீழே மஞ்சள் கசிய, ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது.

“அந்தக் கவரு...” என்றேன்.

“அதொண்ணும் ஆவாதுங்க,” என்றார் அவர். “எல்லாம் கடலுக்குப் போயிருமுங்க.”

ஆறுதல் சொல்கிற குரலில்தான் சொன்னார். தினம் எத்தனை குடும்பத்துக்குச் சொல்கிறாரோ. அன்றைக்கு எனக்கு அது தாங்கவில்லை. கடல் என்றால் என்ன, நம் வீட்டுக் கொல்லைப்புறமா? சின்ன வயதில் அப்பா எங்களைத் திருச்செந்தூருக்கு ஒருமுறை கூட்டிப் போயிருக்கிறார். எங்கள் குடும்பம் சேர்ந்து கடலைப் பார்த்தது அவ்வளவுதான். கடலை அறியாத ஊர் எங்களுடையது. ஆனால் எங்கள் சாக்கடைக்குக் கடலுக்கு வழி தெரியும். சேலத்துக் கழிவையெல்லாம் வாரிக்கொண்டு நுரை தள்ள எங்கள் பக்கம் வருகிற திருமணிமுத்தாறு, இந்தக் காவிரியில்தான் விழுகிறது. இங்கே தூக்கிப் போட்டது எல்லாம் அங்கே எவனோ ஒருவனின் வலையில் மீனுக்குப் பதிலாக ஏறும். அவன் எங்கள் அப்பாவுக்கு என்ன கெடுதல் செய்தான்?

நான் இறங்கிவிட்டேன். சேலை தண்ணீரில் கனத்தது. தொடையளவு, அப்புறம் இடுப்பளவு. கவர் ஒரு கோரைப் புதரில் தட்டி நின்றதால் கைக்கு எட்டியது. பன்னீர் பாட்டிலும் பக்கத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. பால் கவரைக் காணோம்.

பெரியப்பா படியிலிருந்து கத்தினார். “புள்ள! உட்டதத் திரும்ப எடுக்கக் கூடாது! அவன் ஆத்மா திரும்பி ஊட்டுக்கு வந்துரும்!”

“வந்தா வரட்டுங்க பெரியப்பா,” என்று நானும் கத்தினேன். “இன்னும் கொஞ்ச நாளு இருந்துட்டுப் போகட்டுங்க!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. தண்ணீருக்குள் நின்றுகொண்டு, கையில் ஒழுகும் கவரோடு, அப்போதுதான் அழுதேன். அம்மா படியில் உட்கார்ந்தபடி, “மேல வா சாமி, மேல வந்துரு” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வருகிற வேனில் தம்பி முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். ஈரக் கவரை என் காலடியில் வைத்திருந்தேன். பெரியப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பு வீட்டில் பெரிய சண்டை நடந்தது. விருந்துக்குத் தம்பி ஏற்கெனவே எல்லாம் சொல்லிவிட்டிருந்தான். இலைக்கு ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில், பாயசத்துக்கு பிளாஸ்டிக் கப், மேசைக்கு விரிக்கிற பிளாஸ்டிக் தாள். வாழை இலை உண்டு என்பது மட்டும்தான் ஆறுதல்.

“பாட்டிலு வேண்டாம். எவர்சில்வர் டம்ளரு வாடகைக்கு எடுத்துக்கலாம்,” என்றேன்.

“உனக்கு என்னக்கா ஆச்சு?” என்றான் தம்பி. “இப்பெல்லாம் பாட்டிலு வெக்காத விசேஷம் எங்க இருக்குது? வெக்கலீன்னா கஞ்சப்பய, அப்பனுக்குத் தண்ணிகூட ஒழுங்கா வெக்கலைன்னு பேசுவாங்க. அன்னைக்கு ஆத்துல அத்தன பேரு முன்னாடி என்னைய அசிங்கப்படுத்துனது பத்தாதா?”

“உன்னைய நான் ஒண்ணும் சொல்லலையே.”

“சொல்லோணுமா? நான் உட்டத நீ போயி எடுத்தா, நான் தப்பாப் பண்ணீட்டேன்னுதான அர்த்தம்? கொள்ளி வெச்சவன் நானு.” நெஞ்சில் கையால் தட்டிக்கொண்டான். “அப்பா மட்டும் என்ன யோக்கியமா? தின்ன பாக்குப் பொட்டலத்தையெல்லாம் எங்க போட்டாரு? அந்தச் சாக்கடைலதான போட்டாரு?”

அது உண்மை. பட்டறைக்கு முன்னால் நின்று பொட்டலத்தைக் கிழித்து வாயில் கொட்டிக்கொண்டு, தாளை விரலால் சுண்டிவிடுவார். அது போய் விழுகிற இடம் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

“ஆமா, போட்டாரு,” என்றேன். “அந்தத் தண்ணிதான் அவரு செத்த அன்னைக்கு அவரு காலடிக்கே வந்துச்சு. நாளைக்கு அம்மா சாவுக்கும் வரணுமா?”

அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. கோபம் வந்தால் என் வாய் அப்படித்தான்.

பேச்சை முடித்து வைத்தவள் தம்பி பெண்டாட்டி. எங்கள் பக்கத்து வழக்கப்படி, புருஷனின் அக்காவான என்னை அவள் நங்கை என்றுதான் கூப்பிடுவாள். அந்த வீட்டில் அவள் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அடுப்படியிலிருந்து வந்து புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: “நங்கைகூட நானுந்தான் சாக்கடைல கைய உட்டேன். உங்கூரு ஆம்பளைங்க ஒருத்தரு கிட்ட வந்தீங்களா? இன்னொருக்கா என்னால உட முடியாது. பாட்டிலு வந்துச்சுன்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போறேன்.”

பாட்டில் வரவில்லை. டம்ளர் வந்தது.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுதத்தான் ஆசை. அப்படி நடக்கவில்லை. “கழுவுன டம்ளராட்டம் தெரியலையே” என்று ஒருவர் மோந்து பார்த்தார். இன்னொருவர் கடைக்கு ஆள் அனுப்பி, தனக்கு மட்டும் பாட்டில் வாங்கி இலைக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். பெரியப்பா டம்ளரைத் தொடவே இல்லை. சாப்பிட்டு முடித்து வீட்டுக்குப் போய்த்தான் தண்ணீர் குடித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். முதல் பந்தி முடிந்ததும் எச்சில் டம்ளர் குவிந்தது. கழுவுகிற இடத்தில் யார் இருந்தது? நானும் தம்பி பெண்டாட்டியும், கூட இரண்டு பெண்களும். ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு பந்தலில் நின்று, அடுத்த பந்தி ஏன் தாமதம் என்று கேட்டார்கள்.

எனக்கு மறுபடியும் கோபம் ஏறிவிட்டது. வசதிக்காக ஒரு சாமானைக் கண்டுபிடித்து உலகமெல்லாம் பரப்பியாயிற்று. அதை விடவேண்டும் என்றால் அந்த வேலை முழுக்கப் பெண்கள் தலையில் விழவேண்டுமா? ஈரக் கையோடு பந்தலுக்குப் போய்ச் சத்தமாகவே சொன்னேன். “அடுத்த பந்திக்கு உக்காரப் போறவங்க அவங்கவங்க டம்ளர அவங்கவங்க கழுவி எடுத்துட்டு உக்காருங்க. இல்லீன்னா தண்ணி கெடையாது.”

 சித்தி பையன் ஒருவன் சிரித்துக்கொண்டே வந்து குழாயடியில் குனிந்தான். அவன் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். தம்பி வரவில்லை. அவன் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவனுக்கும் எனக்கும் பேச்சு வருவதற்குப் பல மாதம் ஆனது. அப்பாவின் பட்டறையை இப்போது அவன்தான் நடத்துகிறான். ஒருமுறை அம்மாவைப் பார்க்கப் போனபோது, வாசல் கல்லுக்கு முன்னால் சாக்கடைக்குள் கம்பியை வரிசையாக வைத்து வெல்டு அடித்த ஒரு சட்டம் நின்றது. குப்பையெல்லாம் அதில் தட்டி நின்றது. தம்பி பெண்டாட்டி தினமும் களைக்கொத்தால் வாரி, காயவைத்து, குப்பை வண்டியில் தனியாகப் போடுகிறாளாம்.

“நீயா பண்ணுனே?” என்று தம்பியைக் கேட்டேன்.

“ஊட்டுக்குள்ள தண்ணி வருது, அதுக்குத்தான்,” என்றான். வேறு எதற்கும் இல்லை என்று எனக்குத் தெரியவேண்டும் என்பதுபோல, “வேறொண்ணுமில்ல” என்று சேர்த்துக்கொண்டான். சரி என்றேன்.

நான் இப்போது பால் கவரின் முனையைத் தனியாக வெட்டி எடுப்பதில்லை. ஓரமாகக் கீறி, முனை கவரோடு ஒட்டியிருக்கும்படி விடுகிறேன். அந்தச் சின்ன முக்கோணத் துண்டை எந்த வண்டிக்காரராலும் பொறுக்க முடியாது. அது நேரே சாக்கடைக்குத்தான் போகும். கவரைக் கழுவிக் கொடியில் காயப்போட்டு, சேர்ந்த பிறகு பழைய சாமான் கடையில் கொடுக்கிறேன். பிரியாணி வாங்க, மூடி போட்ட தூக்குப்போசியோடு போகிறேன். முதல்முறை கடைக்காரர், “என்னங்கக்கா, கல்யாண ஊட்டுக்கா போறீங்க?” என்று சிரித்தார். இப்போது சிரிப்பதில்லை, குழம்பைத் தனியாக ஊற்ற இன்னொரு டப்பா கொண்டுவரச் சொல்கிறார். எங்கள் மருந்துக் கடையில் தடுப்பூசி மருந்து வருகிற தெர்மாகோல் பெட்டியைப் பண்ணைக்காரர்கள் ரோட்டோரம் வீசாமல் திருப்பிக் கொண்டுவந்தால், அதையே மறுபடி பயன்படுத்தலாம் என்று முதலாளியிடம் சொல்லிச் சொல்லி ஒத்துக்கொள்ள வைத்தேன். சிலர் கொண்டுவருகிறார்கள். பலர் மறந்துவிட்டேன் என்கிறார்கள்.

“நீ ஒருத்தி பண்ணி என்ன ஆகப்போகுது?” என்று கேட்காதவர் இல்லை. கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மத்தியானம் நினைவுக்கு வரும். அன்று வாசலில் தண்ணீரை ஏற்றியது யார்? யாரும் மூட்டையைக் கொண்டுவந்து கொட்டவில்லையே. ஆளுக்கு ஒரே ஒரு கப்புதான் போட்டார்கள். ஒவ்வொருவரும் ஒருத்தர்தான். கெடுக்கும்போது ஒருத்தர் போதும், நிறுத்தும்போது மட்டும் ஒருத்தர் போதாதா?

அதற்காக, பழி முழுவதும் எங்கள் மேல்தான் என்று யாராவது பாடம் எடுக்க வந்தால் அதற்கும் கோபம் வரும். ஒருவேளைக் குளியலுக்கு ஒரு ஷாம்பூ பொட்டலம் என்று பழக்கியது நாங்களா? பொட்டலத்தை ஊர் ஊராகக் கொண்டுவந்து சரம் சரமாகத் தொங்கவிடத் தெரிந்த கம்பெனிக்காரர்களுக்கு, காலியானதைத் திரும்ப எடுத்துப்போக மட்டும் வழி தெரியாதா? அவர்கள் செய்யவேண்டியதை நான் மறக்கவில்லை. ஆனால் அவர்கள் செய்கிற வரைக்கும் என் வாசலில் தண்ணீர் காத்திருக்காது.

போன வருஷம் நானும் தம்பி பெண்டாட்டியும் சேர்ந்து எவர்சில்வர் டம்ளர் வாங்கி, அம்மா வீட்டுப் பரணில் சாக்கில் கட்டி வைத்தோம். ஊரில் எந்த வீட்டில் சாவு என்றாலும் அவள் எடுத்துப் போய்க் கொடுக்கிறாள். சாவு வீட்டில் யாருக்கும் யோசிக்க நேரமிருக்காது, டீக்கடையில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். அதற்கு முன்னால் டம்ளர் போய்விடவேண்டும். ஒவ்வொரு தடவையும் சில டம்ளர் குறைந்துதான் திரும்பும். சில வீடுகளில் வேண்டாம் என்று வாசலோடு அனுப்பிவிடுவார்கள். எனக்கு ஊருக்குள் ‘டம்ளர்க்காரி’ என்று பெயர்.

சென்ற மாதம் அம்மா வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு சாவு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் இருந்தேன். பந்தலுக்குப் பக்கத்தில் அண்டாவில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தோம். காரில் வந்த ஒருவர் துக்கம் கேட்டுவிட்டு, கையோடு கொண்டுவந்த பாட்டிலைக் குடித்து முடித்து, எங்களுக்கு எதிரில் இருந்த மதில் மேல் வைத்துவிட்டுக் கிளம்பினார். மதிலுக்கு அந்தப் பக்கம் ஓடை. லேசாகக் காற்றடித்தால் போதும்.

நான் அதை எடுத்துக்கொண்டு போய் கார் ஜன்னலைத் தட்டினேன். கண்ணாடி இறங்கியது.

“உங்களுதுங்க. மறந்துட்டீங்க.”

“காலிப் பாட்டிலுங்க அது.”

“தெரியுமுங்க. ஊட்டுக்கு எடுத்துட்டுப் போங்க.”

“ஏனுங்க, எழவூட்ல வந்து ஒரு பாட்டிலுக்கு மல்லுக்கட்டறீங்களே, நல்லா இருக்குதுங்களா?”

“நல்லா இல்லீங்க,” என்றேன். “எனக்கும் புடிக்கலீங்க. எடுத்துட்டுப் போங்க.”

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். கண்ணாடி ஏறியது. கார் முக்குத் திரும்பிப் போனது. மெயின் ரோட்டில் ஏறியதும் அதை வெளியே வீசியிருப்பாரா, வீட்டுக்குக் கொண்டு போயிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. வீசியிருப்பார் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பிலேயே உடம்பெல்லாம் எரிய, திரும்பி வந்து அண்டாவுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, மிச்ச டம்ளரைக் கழுவினேன்.